கிராமெட் வைத்த பிள்ளைக்கு ஆற்றுக் குளியல்: எந்த பிளக் தாங்கும், எது வீண்செலவு?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காதில் கிராமெட் (செவிப்பறையில் பொருத்தும் குட்டிக் குழாய்) வைத்திருக்கும் பிள்ளையை வீட்டில் குழாய்த் தண்ணீரில், சொம்பால் மொண்டு ஊற்றிக் குளிப்பாட்ட எந்தக் காது பிளக்கும் வாங்க வேண்டியதில்லை. ஆற்றிலோ குளத்திலோ தலை முங்கிக் குளிக்கப் போகிறது என்றால், கையால் பிசைந்து ஒட்டும் சிலிகான் பிளக்கும், அதன்மேல் கட்டும் நியோப்ரீன் பட்டையும் சேர்ந்தே வேண்டும். தனித்தனியாக இரண்டுமே அரைகுறை. மெடிக்கலில் தொங்கும் அடுக்கு ரப்பர் பிளக்கும் ஸ்பாஞ்சு பிளக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. அதில் மிச்சமாகும் காசைச் சரியான சொட்டு மருந்துக்கும், சில மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் டிம்பனோகிராமுக்கும் (செவிப்பறையின் அசைவைக் கோடாக வரைந்து காட்டும் பரிசோதனை) வைப்பது புத்திசாலித்தனம்.

ஏன் என்று புரிய, காதுக்குள் இருப்பது என்ன என்று பார்த்துவிட வேண்டும். கிராமெட் என்பது இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த நூல்கண்டைப் போன்ற ஒரு குட்டிக் குழாய். உள்ளங்கையில் வைத்தால் ஒரு மிளகைவிடச் சிறிது. நடுவில் உள்ள துளை சுமார் 1 மில்லிமீட்டர்தான். செவிப்பறையில் சின்னதாகக் கீறி, உள்ளே தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்தக் கீறலில் இதைப் பொருத்துகிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறம் இறங்கும் குழல் பெரியவர்களுடையதைவிடக் குட்டை, கிட்டத்தட்ட படுத்த வாக்கில் இருக்கும். சளி பிடித்தால் அது அடைத்துக்கொள்ளும், நடுக்காதில் காற்றுப் போகாது, நீர் சேரும், நாளாக ஆக அது பசை மாதிரி கெட்டிப்படும். அந்தக் குழல் செய்ய வேண்டிய வேலையை, அது வளர்ந்து நேராகும்வரை கிராமெட் செய்கிறது. 6 மாதத்தில் 3 தடவை அல்லது ஒரு வருடத்தில் 4 தடவை காதுத் தொற்று வந்து, மருத்துவர் பார்க்கும்போதும் உள்ளே நீர் இருந்தால், அல்லது இரண்டு காதிலும் 3 மாதத்துக்கு மேல் நீர் நின்று காது கேட்பது மந்தமாகியிருந்தால், பொதுவாக இந்தச் சிகிச்சையைச் சொல்வார்கள்.

இப்போது தண்ணீர் விஷயம். 1 மில்லிமீட்டர் துளை வழியே சுத்தமான தண்ணீர் சும்மா உள்ளே போய்விடாது. பரப்பு இழுவிசை அதைத் துளையின் வாயிலேயே நிறுத்திவிடும். இரண்டு விஷயங்கள்தான் அதை உள்ளே தள்ளும். ஒன்று அழுத்தம்: ஆழத்தில் முங்குவது, மேலிருந்து குதிப்பது. இன்னொன்று சோப்பும் ஷாம்புவும்: அவை இழுவிசையைக் குறைத்துவிடுவதால் நுரைத் தண்ணீர் எளிதில் நழுவி உள்ளே போகும். 2005-ல் அமெரிக்காவில் 201 பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரே ஒரு தடவை காது ஒழுகுவதைத் தவிர்க்க ஒரு பிள்ளை சராசரியாக 2.8 ஆண்டுகள் பிளக் போட வேண்டியிருக்கும் என்று கணக்கு வந்தது. அங்குள்ள காது மூக்குத் தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டு நெறிகளும் எல்லாப் பிள்ளைக்கும் பிளக் கட்டாயம் என்று சொல்வதில்லை.

ஆனால் அந்த ஆய்வை அப்படியே கும்பகோணத்துக்குத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. குளோரின் போட்ட நீச்சல் குளம் வேறு, அரசலாற்றுத் தண்ணீர் வேறு. அதே நெறிகளே ஏரி, குளம் போன்ற சுத்திகரிக்காத நீரில் முங்கும் பிள்ளைக்கும், 6 அடிக்கு மேல் ஆழம் போகும் பிள்ளைக்கும், அடிக்கடி காது ஒழுகும் பிள்ளைக்கும் தடுப்பு தேவைப்படலாம் என்று விலக்கு வைத்திருக்கின்றன. டெல்டாவில் பிள்ளைகள் குளிக்கும் இடம் பெரும்பாலும் இந்த விலக்குக்குள்தான் வருகிறது. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து, கல்லணையைத் தாண்டி வாய்க்காலுக்குள் முதல் தண்ணீர் வரும்போது, கோடை முழுக்க வாய்க்காலில் கிடந்த குப்பையையும் சாக்கடையையும் அள்ளிக்கொண்டுதான் வரும். அந்த முதல் சில நாட்கள் எந்த பிளக் போட்டாலும் சரி, கிராமெட் பிள்ளையை உள்ளே இறக்காதீர்கள். ஆடிப்பெருக்குக்குள் ஓட்டம் தெளிந்திருந்தால் இறக்கலாம். தேங்கிய கோயில் குளம் ஓடும் ஆற்றைவிட மோசம். ஐப்பசிக் கடைமுகத்தன்று மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் கூட்டத்தோடு கூட்டமாக முழுக்குப் போடுவதற்குப் பதில், கழுத்துவரை நனைத்துவிட்டுத் தலையில் கொஞ்சம் தெளித்தால் போதும்.

பம்புசெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். அங்கே ஆபத்து அழுக்கில் இல்லை, விசையில் இருக்கிறது. குழாய் வாயிலிருந்து விழும் தண்ணீர் நேராகக் காதில் அடித்தால் கிராமெட் வழியே உள்ளே போய்விடும். முதுகைக் காட்டி நிற்கட்டும், தலையைக் குழாய்க்கு அடியில் நீட்ட வேண்டாம். பாசி பிடித்த தொட்டிக்குள் முங்குவது குளத்தில் முங்குவது போலத்தான்.

இனி பொருட்கள்.

செலவே இல்லாதது வாசலின் தடவிய பஞ்சு. தலைக்கு ஊற்றும் நாளுக்கு இது ஒன்றே போதும், இதைவிட நல்லது எதையும் விலை கொடுத்து வாங்க முடியாது. பஞ்சை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, வெளிப்பக்கம் முழுக்க வாசலினைத் தேய்த்து, காது ஓட்டையின் வாயில் குழிவான இடத்தில் அழுத்தி வைக்க வேண்டும். உள்ளே திணிக்கக்கூடாது. வெறும் பஞ்சு வைப்பதில் பயனே இல்லை, தண்ணீரை உறிஞ்சிக் காதோடு ஒட்டவைத்துவிடும். சோப்பு, சீயக்காய், ஷாம்பு போடும்போது வைத்து, தலை துவட்டியதும் எடுத்து எறிந்துவிடுங்கள். ஆற்றில் முங்க இது தாங்காது, முதல் முழுக்கிலேயே மிதந்துவிடும்.

பிசைந்து ஒட்டும் சிலிகான் பிளக்கில் மேக்ஸ் என்ற பெயரில் வரும் பிள்ளைகள் அளவு பரவலாகத் தெரிந்தது. அதே மாதிரி வேறு பெயர்களிலும் ஆன்லைனில் வருகிறது. இதுதான் எங்கள் முதல் தேர்வு. காரணம், இது காதுக்குள் போவதில்லை. வாயை மூடி முத்திரை போடுகிறது, அவ்வளவுதான். போடும் முறையில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஒரு உருண்டையை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சூடேறும்வரை உருட்டுங்கள். நீளமாகத் திரிக்காதீர்கள், உருண்டையாகவே இருக்கட்டும். ஒரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, உருண்டையை ஓட்டையின் மேல் வைத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தேய்த்துத் தட்டையாக்குங்கள். சுற்றுவிளிம்பு தோலோடு ஒட்டி, நகம் நுழைய இடமில்லாமல் இருந்தால்தான் சரி. முன்பக்கம், கன்னத்தை ஒட்டிய சின்ன மடிப்பில்தான் வழக்கமாக இடைவெளி விடும். பிள்ளையை வாயைத் திறந்து மூடச் சொல்லிவிட்டு அந்த இடத்தை ஒருமுறை பாருங்கள்.

இதற்கு ஒரு பகை உண்டு: எண்ணெய். எண்ணெய் தேய்த்த தோலில் இந்தச் சிலிகான் பிடிக்கவே பிடிக்காது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து ஆற்றுக்குக் கூட்டிப்போகிற வீடுகளில் “இந்த பிளக் ஒட்டவே மாட்டேங்குது” என்ற குறை வருவது இதனால்தான். உலர்ந்த காதில் முதலில் பிளக்கை ஒட்டிவிட்டு, பிறகு காதைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுத் தலைக்கு எண்ணெய் வையுங்கள். எண்ணெய் வழிந்துவிட்டதென்றால் அன்றைக்கு ஆறு வேண்டாம், வீட்டில் வாசலின் பஞ்சோடு முடித்துக்கொள்ளுங்கள். வாசலின் எண்ணெய்த் தோலிலும் நிற்கும்.

ஒரு ஜோடியைச் சில முறை பயன்படுத்தலாம். முடி, மண், செதில் ஒட்டி, பிசையும்போது விரலில் ஒட்டும் தன்மை போய்விட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். தண்ணீரில் கழுவிப் புதுப்பிக்க முடியாது. பெரியவர் அளவு வாங்கினால் பாதியாகக் கிள்ளிப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். சின்னத் துண்டுதான் ஓட்டைக்குள் நழுவும். கழற்றும்போது இரண்டு பக்கமும் முழுசாக வந்ததா என்று பாருங்கள். ஒரு துணுக்கு உள்ளே நின்றுவிட்டால் ஹேர்பின்னோ பட்ஸோ கொண்டு நோண்டாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், பக்கத்தில் ஆள் இல்லாமல் விடக்கூடாது.

நியோப்ரீன் பட்டைகளில் இயர் பேண்ட்-இட் என்பது பெயர் பெற்றது. நீச்சல் உடைத் துணியில் தைத்த அகலமான தலைப்பட்டை, பின்னால் வெல்க்ரோ. இது தண்ணீரைத் தடுப்பதில்லை என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பிளக் விழாமல் பிடித்துக்கொள்வதும், பிள்ளையின் கை காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் இதன் வேலை. ஆற்றோட்டத்தில் விழுந்த பிளக்கைத் தேட முடியாது என்பதால் டெல்டாவில் இது அவசியம். அளவு வயதை வைத்துத்தான் போடுகிறார்கள், ஆனால் தலைச் சுற்றளவை டேப் வைத்து அளந்து வாங்குவதே சரி. நெற்றியில் புருவத்துக்குச் சற்று மேலும், பின்னால் பிடரி மேட்டுக்குக் கீழும் வரும்படி கட்டினால் நழுவாது. பிடரி மேட்டுக்கு மேலே கட்டினால் முதல் முங்கிலேயே உச்சிக்கு ஏறிவிடும். நிறத்தில் கவனம் வையுங்கள். கலங்கல் தண்ணீரில் கறுப்பும் நீலமும் கண்ணுக்குத் தெரியாது, ஆரஞ்சோ மஞ்சளோ வாங்குங்கள். பிள்ளையின் தலை எங்கே இருக்கிறது என்று கரையிலிருந்தே தெரியும். வண்டல் வெல்க்ரோவில் ஏறினால் பிடிப்புப் போகும். நல்ல தண்ணீரில் அலசி, பழைய பல் பிரஷால் வெல்க்ரோவைத் தேய்த்து நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அடுத்த வாரம் அதைத்தான் காதில் கட்டுவீர்கள்.

அளவெடுத்துச் செய்யும் அச்சு பிளக், காது கேட்கும் கருவி விற்கும் மையங்களில் கிடைக்கும். அடைப்பு உறுதியாக இருக்கும். வாரம் தவறாமல் நீந்தும் 7, 8 வயதுப் பிள்ளைக்குப் பொருத்தமானது. ஆனால் பிள்ளை வளர வளரக் காதுக் குழியும் வளரும், ஒரு வருடத்தில் தளர்ந்துவிடலாம். அதைவிட முக்கியம் அச்சு எடுக்கும் விதம். திரவப் பசையை ஊற்றும் முன், நூல் கட்டிய ஒரு சின்ன ஸ்பாஞ்சு அடைப்பைக் காதுக்குள் வைத்தாக வேண்டும். அது இல்லாமல் ஊற்றினால் பசை கிராமெட்டின் மேல் போய் உறைந்துவிடும், துளை வழியே நடுக்காதுக்குள்ளும் போகலாம். “காதில் கிராமெட் இருக்கிறது” என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். நூல் வெளியே தொங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஊற்றச் சொல்லுங்கள். அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று சொல்லும் இடமென்றால் எழுந்து வந்துவிடலாம்.

வேண்டாத இரண்டு: அடுக்கடுக்காக விளிம்பு வைத்து, கயிறு கோத்த ரப்பர் பிளக் காதுக்குள் நுழைகிறது. சிறு காதில் தளர்ந்தால் நீர் புகும். இறுகினால் உள்ளே தள்ளும்போது காற்றை அழுத்தும், கிராமெட் இருக்கும் காதில் அது நேராக நடுக்காதில் போய் அடிக்கும், பிள்ளை வீறிடும். ஸ்பாஞ்சு பிளக் சத்தத்தைக் குறைக்கச் செய்தது. தண்ணீரைக் குடித்து ஊறிப்போகும்.

பிளக்கைவிட நூறு மடங்கு முக்கியமானது சொட்டு மருந்து. கிராமெட் வைத்த பிள்ளைகளில் சுமார் நாலில் ஒருவருக்கு எப்போதாவது காது ஒழுகும். பெரும்பாலும் சளி பிடித்ததன் தொடர்ச்சி அது, தண்ணீர் மட்டுமே காரணம் இல்லை. பயப்பட வேண்டாம், சீழ் உள்ளே அடைபடாமல் வெளியே வழிகிறது என்றால் கிராமெட் தன் வேலையைச் செய்கிறது. வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் இருக்காது. இதற்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் சிரப்பைவிடக் காதுச் சொட்டுதான் கேட்கும். 2014-ல் நெதர்லாந்தில் 1 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், 2 வாரம் கழித்தும் ஒழுகல் நிற்காதவர்கள், ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு போட்டவர்களில் 5 சதவீதம்தான். சிரப் குடித்தவர்களில் 44 சதவீதம், ஒன்றும் தராமல் பார்த்திருந்தவர்களில் 55 சதவீதம். காரணம் எளிது, சொட்டு மருந்து துளை வழியே சீழ் இருக்கும் இடத்துக்கே போகிறது.

எந்தச் சொட்டு என்பதில்தான் எச்சரிக்கை. சிப்ரோஃபிளாக்சசினும் டெக்சாமெதசோனும் சேர்ந்தது, அல்லது ஓஃப்ளாக்சசின், இவை கிராமெட் உள்ள காதுக்குப் பாதுகாப்பானவை. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்தவை நடுக்காது திறந்திருக்கும் பிள்ளைக்கு ஆகாது, உள்காதைத் தாக்கிக் காது கேட்பதையே பாதிக்கக்கூடியவை. காது அழுக்கைக் கரைக்கும் சொட்டு மருந்துகளும் கூடாது, பாராடைக்குளோரோபென்சீன், டர்பன்டைன் எண்ணெய் என்று அட்டையில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மெடிக்கலில் “காது வலிக்கு ஒரு சொட்டு குடுங்கண்ணே” என்று கேட்டால் எது கைக்குக் கிட்டுகிறதோ அது வரும். மருத்துவர் எழுதிய பெயரைக் காட்டியே வாங்குங்கள். அதேபோல் “ரெண்டு சொட்டு எண்ணெய் காய்ச்சி விடுடி, சூடு இறங்கிடும்” என்று அப்பாயி சொன்னாலும் கிராமெட் இருக்கும்வரை காதுக்குள் எண்ணெய் கிடையாது. பூண்டு எண்ணெயும் கிடையாது.

போடும் விதம்: குப்பியை உள்ளங்கையில் சில நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள், குளிர்ந்த சொட்டு தலைசுற்ற வைக்கும். பிள்ளை ஒருக்களித்துப் படுக்கட்டும். வெளியே தெரியும் சீழை மட்டும் சுத்தமான துணித் திரியால் ஒற்றி எடுங்கள். சீழின் மேல் மருந்து விட்டால் மிதந்து வழிந்துவிடும். 3 வயதுக்குக் கீழே என்றால் மடலைக் கீழும் பின்னும், அதற்கு மேல் என்றால் மேலும் பின்னும் இழுத்து, மருத்துவர் சொன்ன அளவு விடுங்கள். வழக்கமாக ஒரு வேளைக்கு 4 சொட்டு, நாளுக்கு 2 வேளை, 7 நாள். பலரும் விட்டுவிடும் வேலை அடுத்தது. காதுத் துளைக்கு முன்னால் கன்னத்தை ஒட்டி இருக்கும் சின்ன மேட்டை விரலால் நாலைந்து தடவை உள்நோக்கி அழுத்தி அழுத்தி விடுங்கள். இந்த அழுத்தம்தான் மருந்தைத் துளை வழியே உள்ளே தள்ளுகிறது. “தொண்டையில கசக்குதும்மா” என்று பிள்ளை சொன்னால் நல்ல சேதி, மருந்து நடுக்காதைக் கடந்து தொண்டைக்கு இறங்கியிருக்கிறது, துளை திறந்திருக்கிறது. ஒரு நிமிடமாவது அப்படியே படுத்திருக்கட்டும். ஒழுகும் நாட்களில் ஆறு, குளம் இரண்டும் வேண்டாம்.

7 நாளில் நிற்காவிட்டால் அதே குப்பியை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஆன்டிபயாட்டிக் சொட்டை அளவுக்கு மேல் விட்டால் காதில் பூஞ்சை வரும். அரிப்பும், நனைந்த காகிதம் போன்ற வெள்ளை அடையும், கறுப்புப் புள்ளிகளும் அதன் அடையாளம். அதற்கு மருந்து வேறு. ரத்தம் கலந்து ஒழுகினால் கிராமெட்டைச் சுற்றிச் சதை வளர்ந்திருக்கலாம், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். சொட்டு மருந்தை நிறுத்தியதும் மறுபடி மறுபடி காது ஒழுகினால் கிராமெட்டின் மேலேயே கிருமிப் படலம் படிந்திருக்கக்கூடும். அப்போது குழாயை எடுத்துவிடுவதே தீர்வாகலாம்.

டிம்பனோகிராம் எடுக்கும் டிம்பனோமெட்ரி பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, வலிக்காது, பிள்ளை அழாமல் அசையாமல் இருந்தால் போதும். ரிப்போர்ட்டில் கோடு தட்டையாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் பக்கத்தில் உள்ள கன அளவை (கருவிக்கு முன்னால் காதுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கணக்கு) பாருங்கள். தட்டைக் கோடு, கன அளவு பெரிது என்றால் கிராமெட் திறந்திருக்கிறது. தட்டைக் கோடு, கன அளவு சாதாரணம் என்றால் துளை அடைத்திருக்கிறது, அல்லது குழாய் விழுந்து நீர் மறுபடி சேர்ந்திருக்கிறது. கன அளவைக் குறிக்காமல் “பி டைப்” (தட்டைக் கோட்டுக்கான பெயர்) என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட் கிராமெட் பிள்ளைக்குப் பாதி ரிப்போர்ட்தான், கேட்டு எழுதி வாங்குங்கள். குழாய் வைத்து 3 மாதத்துக்குள் ஒருமுறையும், பிறகு அது விழும்வரை 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும் காட்ட வேண்டும்.

சாதாரண கிராமெட் 6 முதல் 18 மாதத்துக்குள் செவிப்பறை தானே தள்ளிவிட, காது அழுக்கோடு வெளியே வந்துவிடும். டி வடிவக் குழாய் வருடக்கணக்கில் நிற்கும், ஆனால் எடுத்த பிறகு ஓட்டை மூடாமல் போகும் வாய்ப்பும் அதில் அதிகம். உங்கள் பிள்ளைக்கு எது வைத்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழாய் விழுந்த அன்றே பட்டையையும் பிளக்கையும் மூட்டை கட்டிவிட வேண்டாம். ஓட்டை மூடிவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை ஆற்றில் இறங்கும்போது அவை இரண்டும் தேவை.